குடும்ப வரலாறு இல்லையெனில் பரிசோதனையும் இல்லையா?

“உமது குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இந்நோய் இருந்ததுண்டா?”

வைத்தியர் கேட்கும் இக்கேள்வி உலகெங்கும் கேட்கப்படுவது, அறிவுடைய கேள்வியுங்கூட. ஆயின், வன்னி மண்ணில் இக்கேள்விக்கு விடை கூற வல்லார் எத்தனை பேர்? விடை கூறவேண்டிய தந்தை எங்கே? தாய்மாமன் எங்கே? பாட்டியின் மரணச் சான்றிதழ் எங்கே? கேள்வியைக் கேட்டுவிட்டு, விடை கிடைக்காதவிடத்து “குறிப்பிடத்தக்கதாக ஒன்றுமில்லை” என்று எழுதி அடுத்த நோயாளியை அழைக்கும் வழக்கத்தையே நாம் இங்கு குற்றஞ் சாட்டுகின்றோம். வைத்தியர் எவர்மீதும் எமக்குப் பகையில்லை. வழக்கமே எமது எதிரி.

சென்ற பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, ஓமந்தைப் பகுதிக் கமக்காரர் ஒருவர் காணி வழக்கொன்றின் பொருட்டு எமது பணிமனைக்கு வந்தார். வயது 41. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை எல்லாம் ஒரு பொலித்தீன் பையுள் இருந்தன. அவற்றினிடையே மடித்து வைக்கப்பட்ட ஆங்கிலக் கடதாசிகள் சிலவும் இருந்தன. “ஐயா, இதையும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார். உறுதியைப் பேணியது போலவே அவற்றையும் அவர் பேணி வைத்திருந்தார். அவற்றில் எழுதியிருப்பது யாதென எவரும் அவருக்குக் கூறவில்லை.

முதலாவது கடதாசி நோயியல் அறிக்கை. எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய பெருங்குடலின் வலப்புறத்திலிருந்து அகற்றப்பட்ட கட்டி புற்றுநோயே என்று அது உறுதி செய்தது. கட்டியின் கலங்களிற் பிழை திருத்தும் புரதங்கள் உள்ளனவா என்பதை அறியும் மேலதிகப் பரிசோதனை செய்தல் நலம் என்று அதன் இறுதி வரியில் நிபுணர் குறித்திருந்தார். அப்பரிசோதனை செய்யப்படவில்லை. இரண்டாவது கடதாசி சிகிச்சைக் குறிப்பு. அதிலேதான் நாம் மேலே கூறிய வாசகம் இருந்தது: ‘குடும்ப வரலாறு: குறிப்பிடத்தக்கதாக ஒன்றுமில்லை.’

நாம் அவரிடம் வினவினோம். தந்தையார் 1997இல் எறிகணையால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. தாயின் தமையனார் 2009இற் காணாமற் போனார். தாய்வழிப் பாட்டி இடம்பெயர்ந்திருந்த கொட்டிலொன்றில் மருந்தின்றி மாண்டார். “வயித்து நோவு எண்டுதான் அம்மா சொல்லுவா” என்றார் அவர். தாயின் தங்கை கனடாவில் இருக்கின்றார். பெருங்குடலில் ஏதோ சத்திரசிகிச்சை செய்தாராம்.

இதுவா குறிப்பிடத்தக்கதாக ஒன்றுமில்லாத குடும்ப வரலாறு?

மூன்று, இரண்டு, ஒன்று

பெருங்குடற் புற்றுநோயும் நேர்குடற் புற்றுநோயும் சிறிய வியாதிகள் அல்ல. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 19 இலட்சம் பேரை இவை புதிதாகப் பற்றின. ஏறக்குறைய 9 இலட்சம் பேரைக் கொன்றன. புற்றுநோய்களுள் நுரையீரற் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் பேரைக் கொல்வது இதுவே. இலங்கையிலும் ஆண் பெண் இருபாலாரிடையே முன்வரிசையில் நிற்கும் புற்றுநோய்களுள் இது ஒன்று.

இந்நோயுற்றோருள் நூற்றுக்கு மூவர் அளவில், பரம்பரை வழியாக வந்த ஒரு குறையினால் நோயுறுகின்றனர். அக்குறைக்கு ‘லிஞ்ச் நோய்க்குறி’ என்று பெயர். தாய் தந்தையருள் ஒருவரிடம் அது இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அக்குறையின் கடுமையான வகைகளைச் சுமப்போருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரை வாழ்நாளில் இப்புற்றுநோய் பற்றுகின்றது. பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோயும் வருகின்றது. முதுமைக்குக் காத்திராது நாற்பதுகளிலேயே அது வருவதுண்டு.

இக்குடும்பங்களைக் கண்டறியவென 1991ஆம் ஆண்டில் ஒரு விதி வெளியிடப்பட்டது. அதற்கு ‘அம்ஸ்ரடாம் விதி’ என்று பெயர். உறவினருள் மூவருக்கு நோய் இருத்தல் வேண்டும். அடுத்தடுத்த இரு தலைமுறைகளில் இருத்தல் வேண்டும். ஒருவருக்கேனும் 50 வயதின் முன் வந்திருத்தல் வேண்டும். மூன்று, இரண்டு, ஒன்று என்று மாணவர் மனனஞ் செய்வர்.

இவ்விதி யாருடைய நாட்டில் எழுதப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். ஐம்பது வயது வரை மக்கள் உயிர் வாழும் நாட்டில்; படுக்கையிற் கிடந்து, வைத்தியர் பார்த்து, காரணம் எழுதப்பட்டு இறக்கும் நாட்டில்; தேவாலயத்திலும் நகரசபையிலும் மூன்று தலைமுறைப் பதிவேடு கிடக்கும் நாட்டில் எழுதப்பட்டது. 36 வயதில் எறிகணைக்கு இரையானவருக்கு 45 வயதிற் புற்றுநோய் எவ்வாறு வரும்? எறிகணை அவரைக் கொன்றது. அவர் உடலில் இருந்திருக்கக்கூடிய பரம்பரைக் குறைக்கான சாட்சியத்தையும் கூடவே கொன்றது. இன்று மகன் வைத்தியர்முன் நிற்கின்றான். தந்தையின் மௌனம் மகனுக்கு எதிரான சாட்சியமாக ஏற்கப்படுகின்றது.

ஓமந்தை கண்ட சோதனைகள்

ஓமந்தையில் வாழ்வோருக்குச் ‘சோதனை’ எனும் சொல் புதிதன்று. 1997 மே மாதம் ‘ஜயசிக்குறு’ என்ற படை நடவடிக்கை இவ்வூர் வழியாகவே வடக்கு நோக்கி நகர்ந்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது சோதனைச் சாவடி இங்கே அமைந்தது. 2006இல் வீதி மூடப்பட்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறி வந்த மக்கள் இங்கேதான் நிறுத்தி விசாரிக்கப்பட்டனர். இங்கே ஒப்படைத்த உறவினரைத் தேடுவோர் இன்றும் வவுனியா வீதியோரம் அமர்ந்திருக்கின்றனர். 2015 ஆகஸ்ற் மாதத்திலேதான் சாவடி அகற்றப்பட்டது.

அந்நாளில் இவ்வூரைக் கடந்த ஒவ்வொரு பையும் திறந்து பார்க்கப்பட்டது. ஒவ்வொரு முகமும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. வேண்டாத சோதனை அன்று அளவின்றி இருந்தது. வேண்டிய சோதனை இன்று இல்லை! எமது மக்களின் அடையாளத்தை அறிவதில் அரசு அன்று காட்டிய ஊக்கத்தில் நூற்றிலொரு பங்கையேனும் அவர்களது நோயின் அடையாளத்தை அறிவதில் இன்று காட்டலாகாதா?

இழையம் கூறும் சாட்சியம்

உறுதி தொலைந்த காணிக்காரனை நீதிமன்றம் வெறுங்கையோடு அனுப்பிவிடுவதில்லை. எல்லைக்கல் எங்கேயென்று பார்க்கின்றது, வேலியைப் பார்க்கின்றது, கிணற்றையும் மரத்தையும் பார்க்கின்றது. ஏடு பேசாதவிடத்து நிலம் பேசுகின்றது. நோயிலும் இவ்வாறே. குடும்பம் பேச முடியாதவிடத்து, வெட்டியெடுத்த கட்டியே பேசும். அதனைப் பேசவைக்கும் வழி இன்று உண்டு.

பள்ளிப் பாடநூல்கள் பரம்பரையலகு என்று கூறும் மரபணு, உடற்கலம் எவ்வாறு இயங்கவேண்டும் என்பதை எழுதி வைத்திருக்கும் வாசகம். கலம் பிரியுந்தோறும் அவ்வாசகம் படியெடுக்கப்படுகின்றது. படியெடுக்கையிற் பிழைகள் நேர்கின்றன. எமது அச்சகத்தில் பிழை திருத்துவோர் இருப்பது போலக் கலத்திலும் பிழை திருத்தும் புரதங்கள் உள. அவற்றுள் முதன்மையானவை நான்கு: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. இவற்றை ஆக்கும் மரபணுக்களுள் எம்.எஸ்.எச்.2 என்பது 1993இலும் எம்.எல்.எச்.1 என்பது அதனையடுத்து 1994இலும் இனங்காணப்பட்டன. இந்நால்வருள் ஒருவர் பணியிலில்லையெனிற் பிழைகள் குவிகின்றன. பிழை குவிந்த கலம் ஈற்றிற் கட்டுக்கடங்காது பெருகுகின்றது.

சத்திரசிகிச்சையில் அகற்றப்படும் கட்டியின் ஒரு துண்டம் மெழுகிலே பதித்து வைக்கப்படும். அதிலிருந்து மெல்லிய சீவல்கள் சீவி, ஒவ்வொரு புரதத்துக்கும் உரிய பிறபொருளெதிரி கொண்டு நிறமூட்டினால், புரதம் உள்ளவிடத்துக் கபில நிறம் பிடிக்கும், இல்லாதவிடத்துப் பிடியாது. பரிசோதனை இவ்வளவே! நூறு கட்டிகளுள் ஏறக்குறைய பதினைந்தில் இந்நிறம் பிடிப்பதில்லை. அப்பதினைந்தும் பரம்பரையால் வந்தன அல்ல. பெரும்பாலானவை முதுமையில் எம்.எல்.எச்.1 மரபணு அடைபட்டுப்போவதால் வருவன. அக்கட்டிகளுட் பலவற்றில் பி-ராஃப் என்னும் மரபணுவில் ஒரு குறித்த விகாரம் இருக்கும். அஃது இருப்பின், நோய் பரம்பரையால் வந்ததன்று என்று பெரும்பாலும் கொள்ளலாம். எஞ்சியோரையே குருதி எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சல்லடை போட்டுச் சலிப்பது போல் முறையாகச் செல்லும் வழி இது. இவ்வழியில் எந்த இடத்திலும் பாட்டனாரின் மரணச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை.

இங்கிலாந்தில் அரச சுகாதார நெறிமுறைகளை வகுக்கும் ‘நைஸ்’ நிறுவனம் 2017 பெப்ரவரியில், பெருங்குடற் புற்றுநோய் கண்ட ஒவ்வொருவருக்கும் இப்பரிசோதனை செய்யப்பட வேண்டுமென்று கூறியது. குடும்ப வரலாற்றைக் கேட்டு ஆளைத் தெரிந்தெடுக்கும் முறையாற் பலர் தப்பிவிடுகின்றனர் என்பதே காரணம். பதிவேடுகள் சிதையாத நாட்டிலேயே குடும்பக் கதையை நம்பியிருக்க முடியாதெனில், மூன்று தசாப்தப் போர் மிதித்த வன்னியில் அதனை நம்பியிருப்பது எவ்வகை அறிவு?

மருந்தின் திசையைக் காட்டும் குறி

இக்குறிகாட்டிகள் நோயின் குலங்கோத்திரத்தை மட்டும் கூறுவன அல்ல. எந்த மருந்து வேலை செய்யும், எந்த மருந்து வீண் என்பதையும் கூறுவன.

கே-ராஸ் எனும் மரபணுவைப் பாருங்கள். பரவிய பெருங்குடற் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் செற்றுக்சிமாப் என்னும் விலையுயர்ந்த மருந்து, அம்மரபணுவில் விகாரமுள்ள கட்டியிற் பயனளிப்பதில்லை என்பது 2008இல் நிறுவப்பட்டது. அம்மரபணுவையும் அதன் கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், பரவிய நோயுடையோரில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இவ்வகையினர். பரிசோதியாது அம்மருந்தை ஏற்றுவது அரைவாசிப் பேருக்கு நஞ்சை மட்டும் ஏற்றுவதாகும். அரச பணத்தையும் வாய்க்காலில் விடுவதாகும்.

பிழை திருத்தும் புரதம் இல்லாத கட்டி, அயலிடம் பரவாத இரண்டாம் நிலையில் அகற்றப்பட்டிருந்தால், புளோரோயூராசில் எனும் வழக்கமான மருந்தைத் தனியே ஏற்றுவதாற் பயன் கிட்டுவதில்லை. பரிசோதனை செய்திருந்தால், அம்மனிதர் மாதக்கணக்கில் வாந்தியும் பேதியும் பட்டு, வயலையும் விட்டு, பேருந்திலே அலைந்திருக்கத் தேவையில்லை.

அதே கட்டி பரவிவிட்டாலோ, உடலின் எதிர்ப்புச் சத்தியைத் தட்டியெழுப்பும் மருந்துகளுக்கு அது நன்கு பணிகின்றது. 2017 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பெம்ப்ரோலிசுமாப் எனும் மருந்தை, புற்றுநோய் எந்த உறுப்பில் இருப்பினும் இக்குறி இருந்தாற் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. உறுப்பை விடுத்துக் குறியை நோக்கி அந்நிறுவனம் அளித்த முதல் அனுமதி அதுவே. 2022இல் நியூயோர்க் நகரில், இக்குறியுள்ள நேர்குடற் புற்றுநோயாளர் 12 பேருக்கு டொஸ்ராலிமாப் என்னும் மருந்து மட்டும் கொடுக்கப்பட்டது. பன்னிருவரின் கட்டிகளும் கத்தியின்றிக் கதிரின்றி மறைந்தன என்ற செய்தி உலக வைத்தியரை வியப்பில் ஆழ்த்தியது.

“அம்மருந்துகளின் விலை எமக்கு எட்டுமா?” என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. பலவற்றின் விலை இன்று எட்டாது. ஆனால், எட்டும் மருந்தொன்றையும் கூறுகின்றோம். அது அஸ்பிரின்! பி.ஐ.கே.3.சி.ஏ. எனும் மரபணுவிலும் அதன் தொடரிலும் விகாரமுள்ள கட்டிகள் பெருங்குடற் புற்றுநோயாளரில் மூவருள் ஒருவருக்கு மேல் காணப்படுகின்றன. அத்தகையோர் சத்திரசிகிச்சையின் பின் மூன்றாண்டுகள் நாளொன்றுக்கு 160 மில்லிகிராம் அஸ்பிரின் உண்டால், நோய் மீளும் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றது என்று சுவீடன் முதலிய வடபுல நாடுகளில் நடந்த ஆய்வு 2025இல் வெளியிட்டது. லிஞ்ச் குறையுடையோர் இரண்டாண்டுகள் அஸ்பிரின் உண்டமையாற் பிற்காலத்திற் புற்றுநோய் குறைந்தது என்பதும் 2020இல் வெளியான நெடுங்கால ஆய்வின் முடிவு. வைத்தியரைக் கேளாது எவரும் அஸ்பிரின் விழுங்கத் தொடங்கலாகாது; அது குடலிற் குருதிக் கசிவை உண்டாக்கும். ஆயினும், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மாத்திரை எந்த மனிதனுக்கு உரியது என்று தெரியாமல் அது கடையிற் கிடக்கின்றது. மருந்துக்குப் பஞ்சமில்லை; அதை எவருக்குக் கொடுப்பதென்று காட்டும் பரிசோதனைக்கே பஞ்சம்.

மறுப்போர்க்கு மறுமொழி

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் கூறப்படுவதை நாம் அறிவோம்.

முதலாவது: “பரசிற்றமோலுக்கே தட்டுப்பாடு வந்த நாட்டில் மரபணுப் பரிசோதனை ஓர் ஆடம்பரம்.” 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டால் நாடு தவித்ததை மறந்தோமல்லோம். அத்தவிப்பே எமது வாதத்துக்குத் துணை. செல்வந்தன் நாலு மருந்தை வீணடித்து ஐந்தாவதைப் பிடிப்பான். ஏழைக்கு முதல் மருந்தே சரியானதாக இருத்தல் வேண்டும். குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் வாய்க்காலை அளந்து திறக்கின்றோமா, வெறுமனே உடைத்து விடுகின்றோமா?

இரண்டாவது: “வடக்கில் பெரிய நிலையம் கட்டிய பின் பார்க்கலாம்.” இவ்வாதம் அரசியல்வாதிக்கு இனியது, அடிக்கல் நாட்டலாம், பெயர்க்கல்லில் தன் பெயர் பொறிக்கலாம். பரிசோதனைக்கோ கட்டடம் முன்நிபந்தனையன்று. மெழுகிற் பதித்த துண்டம் ஆண்டுக்கணக்கிற் கெடாது; குளிர்ப்பெட்டியும் வேண்டுவதில்லை; கைக்கடக்கமான பொதியிற் செல்லும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபணுவியற் பிரிவு 1983இல் தொடங்கப்பெற்றது. மகரகமவில் தேசிய புற்றுநோய் நிறுவகம் இருக்கின்றது. ஓமந்தைக்கு 2011இலேயே புகையிரதம் திரும்பி வந்துவிட்டது. 250 கிலோமீற்றருக்கு அப்பால் நோயாளியை இரவிரவாகப் பேருந்தில் அனுப்பத் தயங்காதவர்கள், விரலளவு மெழுகுக் கட்டியை அனுப்பத் தயங்குவதேன்? மனிதர் அலைவதை விடுத்துத் துண்டம் பயணஞ் செய்யட்டும்.

கட்டடமும் பிறகு வரும். 1923இல் தம் தங்கையை நேர்குடற் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மூன்று தசாப்தங்கள் ஓயாது போராடி 1954இல் அடையாற்றிற் புற்றுநோய் நிலையத்தைத் திறந்தபோது அங்கு இருந்த படுக்கைகள் 12. எமது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையும் 2011ஆம் ஆண்டின் நடைபயணத்தில் நாடு முழுவதுமுள்ள மக்கள் திரட்டிய பணத்தால் எழுந்ததே. கேட்டால் மக்கள் தருவர். கேட்பவருக்குத் தான் கேட்பது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது: “குருதியை எடுத்துப் பார்த்தாற் போதாதா? தனியார் நிலையங்கள் செய்கின்றனவே!” சிலர் விளம்பரங்களில் மயங்கிப் பணத்தை இறைக்கின்றனர். நோயில்லாதவரிடம் நோயைத் தேடவெனக் குருதியிற் செய்யும் மரபணுப் பரிசோதனையொன்றுக்கு அமெரிக்கா 2024இல் அனுமதி அளித்தது உண்மை. அது புற்றுநோயை நூற்றுக்கு 83 என்ற அளவிற் கண்டது. புற்றுநோயாக மாறவிருந்த முற்றிய முளைகளையோ நூற்றுக்கு 13 என்ற அளவிலேயே கண்டது. முளையிலே கிள்ளுவதே நோக்கமாயின், மலத்திற் கண்ணுக்குத் தெரியாத குருதியைக் காட்டும் மலிவான பரிசோதனையும், கமரா விட்டுப் பார்ப்பது என்று மக்கள் கூறும் அகநோக்குப் பரிசோதனையுமே இன்றும் முதலிடத்தில் நிற்கின்றன. மரபணுக் குறிகாட்டி இவற்றை விரட்ட வந்ததன்று. இவற்றை யாருக்கு முந்திச் செய்யவேண்டும் என்று காட்ட வந்தது. லிஞ்ச் குறையுடையவர் 25 வயது முதலே ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை அகநோக்குப் பரிசோதனை செய்தல் வேண்டும். அக்குறை தம்மிடம் உண்டென்று அறியாதவர் எங்ஙனம் செய்வார்?

சட்டம் ஏற்ற நியாயம்

நாம் சட்டம் பயின்றோர். ஆதலின் சட்டத்திலிருந்தே ஒரு முன்மாதிரி காட்டுகின்றோம்.

பிறர் காணியை ஒருவர் பத்தாண்டுகள் தடையின்றி எதிரிடையாக ஆண்டுவந்தால், அவருக்கே அது உரித்தாகும் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். போரில் ஊரைவிட்டு ஓடியவனுக்கும் இவ்விதி பொருந்துமா? பொருந்தலாகாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கூறியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தில், தன் உரிமையைக் கோர முடியாதிருந்தவனுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்று பாராளுமன்றமே விதித்தது. அச்சட்டத்தின் சொற்களில் எமக்குக் குறைபாடுண்டு. அது கொடுத்த தவணையும் குறுகியது. ஆயினும் அதன் நியாயம் நியாயமே. போர் அழித்த சான்றை இல்லாமையாகக் கொண்டு பாதிக்கப்பட்டவனை மேலும் தண்டிக்கலாகாது என்பதே அந்நியாயம்.

காணிக்கு ஏற்ற நியாயம் உயிருக்கு ஏலாதா? தாய்மாமனுக்கு அரசு கொடுப்பது ‘காணாமற் போனமைச் சான்றிதழ்’. அவர் உயிரோடு இருக்கின்றாரா என்பதையே அரசு கூறவில்லை. அவருக்குப் புற்றுநோய் இருந்ததா என்பதை மருமகன் கூறவேண்டுமாம்! எங்கே அறம்?

இன்னுமொன்று. மரபணு எவனுடைய தனிச் சொத்துமன்று. மனித மரபணுவைத் தனியுரிமையாக்க முயன்ற மிரியட் எனும் அமெரிக்க நிறுவனத்துக்கு எதிராக, இயற்கையில் உள்ள மரபணு எவரது கண்டுபிடிப்புமன்று என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அதே வேளையில், ஒருவரது மரபணுத் தகவல் அவரது மிக நெருங்கிய இரகசியம். காப்புறுதிக்காரனும் தொழில் கொடுப்பவனும் கலியாணத் தரகனும் அதைக் கேட்டறிய இடமளித்தால், மக்கள் பரிசோதனைக்கே அஞ்சுவர். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையிற் சேர்த்திருக்கின்றது. ஏட்டில் இருக்கும் அக்காப்பு, வைத்தியசாலைப் பதிவறையிலும் இருத்தல் வேண்டும்.

எம் குற்றமும் உண்டு

அரசை மட்டும் குறைகூறி எம்மைத் தப்புவித்துக்கொள்ளோம். 2016இல் பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையில் அமைவதா, தாண்டிக்குளத்தில் அமைவதா என்று எம்மவர் மோதிக்கொண்டனர். கூட்டங்கள் கூடின; கடிதங்கள் பறந்தன. அவ்வூக்கத்தில் ஒரு துளி, வடக்கின் நோயியற் கூடங்களில் இந்நான்கு பிறபொருளெதிரிகளும் உள்ளனவா என்று கேட்பதிற் சென்றதா? 2013 முதல் 2018 வரை எமக்கென ஒரு மாகாண சபை இருந்தது. சுகாதார அமைச்சும் இருந்தது. அவ்வைந்தாண்டுகளில் மேடையேறிய நாம் எவரும் இக்கேள்வியைக் கேட்டோமல்லோம். நாம் என்பதில் இதை எழுதுவோரும் அடக்கம்.

கடல் கடந்த உறவினரும் இதனைச் செவிமடுக்க வேண்டும். றொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வாழும் தமக்கைக்கு அங்கே இப்பரிசோதனை செய்யப்பட்டு, குறையுள்ள மரபணு இன்னதென்று தெரிந்திருக்கலாம். அவ்வறிக்கையின் ஒரு பிரதி ஓமந்தையில் உள்ள தம்பிக்கு வந்து சேர்ந்தால், அவரிடம் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தாற் போதும்; தேடும் வேலையும் செலவும் பன்மடங்கு குறையும். கோயில் இராசகோபுரத்துக்குப் பணம் அனுப்பும் கைகள் அந்த ஒரு தாளையும் அனுப்பட்டும். போர் சிதறடித்த குடும்பத்தின் நோய்க் கதையை மீண்டும் கோத்தெடுக்க அதுவும் ஒரு வழி.

நாம் கேட்பவை

ஒன்று: வட மாகாணத்தில் அகற்றப்படும் ஒவ்வொரு பெருங்குடற், நேர்குடற் புற்றுக் கட்டியிலும், வயதும் குடும்ப வரலாறும் கேளாது, நான்கு புரதங்களுக்குமான பரிசோதனை தானாகவே செய்யப்படுதல் வேண்டும். இங்கு செய்ய இயலாதவிடத்துத் துண்டத்தை அனுப்பி, குறித்த தவணைக்குள் முடிவு பெறுதல் வேண்டும்.

இரண்டு: நோய் பரவியோருக்கு மருந்து ஏற்றுமுன் கே-ராஸ் கூட்டமும் பி-ராஃபும் பார்க்கப்படுதல் வேண்டும்.

மூன்று: முடிவு இன்னது, அதன் பொருள் இன்னது, அடுத்துச் செய்யவேண்டியது இன்னது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கக் குறிப்பு நோயாளி கையிற் கொடுக்கப்படுதல் வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை கூறுகின்றது. பொலன்னறுவைக் கமக்காரனுக்கும் ஆங்கில அறிக்கை புரிவதில்லை, அவனுக்காகவும் கேட்கின்றோம்.

நான்கு: பரம்பரைக் குறை உறுதியானால், உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் அழைத்து அறிவுரை கூறிப் பரிசோதிக்கும் பொறுப்பை வைத்தியசாலையே ஏற்றல் வேண்டும். அத்தகவலின் இரகசியம் காக்கப்படுதல் வேண்டும்.

ஐந்து: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள்தோறும் மலத்திற் குருதி காணும் பரிசோதனை இலவசமாகக் கிடைத்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் அடிக்கல் நாட்டக்கூடியதன்று. அதனாலேயே இவற்றை மேடையிற் கேட்பாரில்லை. நாம் கேட்போம். வாசகராகிய நீங்களும் உங்கள் பாராளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது வீதியையும் மதகையும் கேட்டபின் இதனையும் கேளுங்கள்.

கமக்காரத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு சொல். மலத்திற் குருதி கண்டால் மூலவியாதியென்று நீங்களே தீர்ப்பெழுதிவிடாதீர்கள். மலங்கழியும் வழக்கம் வாரக்கணக்கில் மாறினால், காரணமின்றி உடல் மெலிந்தால், சோகை பிடித்தால், வெட்கத்தை ஒதுக்கிவிட்டு வைத்தியரிடம் செல்லுங்கள். ‘குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா’ என்று அவர் கேட்டால், ‘இல்லை’ என்று கூறாதீர்கள். ‘தெரியாது, தெரிந்திருக்கக்கூடியவர்கள் இல்லை’ என்று கூறுங்கள். அவ்வாறே எழுதும்படி கேளுங்கள். ‘இல்லை’ என்பதும் ‘தெரியாது’ என்பதும் சட்டத்தில் ஒன்றல்ல, வைத்தியத்திலும் ஒன்றல்ல.

எம்மிடம் வந்த அக்கமக்காரருக்கு இரு பிள்ளைகள். மூத்தவளுக்கு வயது 17. காணி வழக்கை நாம் நடத்துகின்றோம்; உறுதி இல்லாவிடினும் எல்லைக்கல் இருக்கின்றது. அவருடைய கட்டியின் துண்டமும் எங்கோ ஓர் இறாக்கையில் மெழுகிற் பதிந்து கிடக்கின்றது. அம்மகளுக்கு 25 வயதாகுமுன் அதை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதே எமது கோரிக்கை.